மாசமா இருக்கறப்ப காபி, டீ குடிச்சா புள்ளைக்கு ஊனம் வருமா? கம்பம், குமுளி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

கம்பம், கூடலூர், போடி பக்கம் இருந்து விடியக்காலம் ஜீப்புல ஏறி கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியா ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைங்க, அங்கிட்டு வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறைன்னு லயத்துலயே குடியிருக்குற நம்ம ஆளுங்க, எல்லார் கிட்டயும் நான் செக்கப்புல உக்காந்து பேசறப்ப திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்க இதுங்க. நர்ஸ் வேலை பாக்குறவ நான், டாக்டர் இல்ல. உங்க உடம்புக்குன்னு தனியா எதாவது இருந்தா உங்க டாக்டர் சொல்றதத்தான் கேக்கணும்.

நேரடியா சொல்லுங்க, காபி டீ குடிச்சா குழந்தை ஊனமா பொறக்குமா?

சாதாரணமா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு டீ, இல்ல ஒண்ணு ரெண்டு காபி குடிக்கிற அளவுல, அதனால உறுப்புக் குறையோட குழந்தை பொறக்குதுன்னு இது வரைக்கும் நடந்த ஆராய்ச்சி எதுலயும் உறுதியா வரல. இதய ஓட்டை, உதட்டுப் பிளவு, கை கால் குறை எல்லாத்தையும் தனித்தனியா பாத்துட்டாங்க. அதுக்காக எவ்ளோ வேணா குடிக்கலாம்னு அர்த்தம் இல்ல, அளவு மீறினா வர்ற பிரச்சனை வேற, அத கீழ சொல்றேன். பயப்பட வேண்டிய எடத்த விட்டுட்டு வேற எடத்துல பயந்துக்கிட்டு இருக்காங்களேன்னுதான் எனக்கு வருத்தம்.

அப்பறம் ஏன் எல்லாரும் பயமுறுத்துறாங்க? எங்க இருந்து வந்துச்சு இது?

ரொம்ப நாளைக்கு முன்னாடி எலிய வச்சு செஞ்ச சோதனையில இருந்து வந்துச்சு. சினையா இருக்குற எலிக்கு குழாய் வழியா வயித்துக்குள்ள ஒரே மூச்சுல காஃபின (காபியிலயும் டீயிலயும் இருக்குற, தூக்கத்த வெரட்டுற பொருள்) ஏத்துனாங்க. உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் குடுத்தப்ப சில குட்டிங்களுக்கு கால் விரல் இல்லாமப் பொறந்துச்சு. அத வச்சுத்தான் 1980ல அமெரிக்க அரசோட உணவு மருந்துத் துறை, மாசமா இருக்கறவங்க காஃபின தவிருங்க, முடியலன்னா கொறைங்கன்னு அறிவிப்பு விட்டுச்சு. 80 மில்லிகிராம்னா 50 கிலோ எடை இருக்குற பொம்பளைக்கு 4000 மில்லிகிராம் வருது, நல்ல ஸ்ட்ராங்கான டீயா இருந்தாலே அறுபது கிளாஸ் ஒரே நேரத்துல குடிச்ச மாதிரி, யாராலயும் முடியாது (எலி கணக்க அப்படியே மனுஷனுக்குப் போட முடியாதுன்றது வேற விஷயம்). அதே காஃபின குடிக்கிற தண்ணியில கலந்து நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாத்தப்ப அந்த விரல் குறை வரல. ஆனா முதல்ல வந்த சேதிதான் ஊரு பூரா பரவுச்சு, ரெண்டாவது சேதி யார் காதுக்கும் போகல.

எலி சரி, மனுஷங்க கிட்ட பாத்தாங்களா?

பாத்தாங்க, பெரிய அளவுல. அமெரிக்காவுல 1997ல இருந்து 2011 வரைக்கும் பொறந்த குழந்தைங்கள எடுத்து, குறையோட பொறந்த குழந்தையோட அம்மாக்கள் கிட்டயும் நல்லபடியா பொறந்த குழந்தையோட அம்மாக்கள் கிட்டயும் ஒரே மாதிரி கேள்வி கேட்டு ஒப்பிட்டுப் பாத்த ஒரு பெரிய ஆய்வு இருக்கு. அதுல இதயக் குறைக்கும் காஃபினுக்கும் உறுதியான தொடர்பு வரல. முதுகுத்தண்டு மூடாமப் பொறக்குறதுன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல மட்டும் காஃபின் எடுத்தவங்களுக்கு கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சுச்சு, ஆனா நிறைய குடிச்சவங்களுக்கு நிறைய, கம்மியா குடிச்சவங்களுக்கு கம்மின்னு படிப்படியா வரல, அதுலயும் டீ குடிச்சவங்களுக்கு அந்தக் குறை கம்மியாவே இருந்துச்சு. காஃபின்தான் காரணம்னா டீயிலயும் அதேதான இருக்கு, ஏன் மாறி வரணும்? அதனாலதான் இத ஒரு காரணமா யாரும் அடிச்சு சொல்றதில்ல.

ஊனம் வராதுன்னா எதுக்கு அளவா குடிக்கச் சொல்றாங்க?

ரெண்டு காரணம். ஒண்ணு குழந்தையோட எடை, இன்னொண்ணு கரு கலையறது.

காஃபின் நஞ்சுக்கொடி வழியா தடையே இல்லாம குழந்தைக்குப் போயிரும். அதக் கரைச்சு வெளிய அனுப்புறதுக்கு கல்லீரல்ல ஒரு நொதி வேணும், வயித்துல இருக்குற குழந்தைக்கு அது கெடையாது. அம்மாவுக்கும் மாசம் ஏற ஏற அந்த நொதியோட வேலை கொறைஞ்சுக்கிட்டே வரும். சாதாரண நேரத்துல குடிச்ச காஃபின்ல பாதி வெளிய போக சுமாரா 5 மணி நேரம் ஆகுதுன்னா, கடைசி மூணு மாசத்துல அது 15 மணி நேரம் வரைக்கும் இழுக்கும். அதாவது காலையில 6 மணிக்குக் குடிச்ச காபியில பாதி ராத்திரி 9 மணிக்கும் உடம்புலயே இருக்கும், அது மேல மத்தியானத்து டீ, சாயங்கால டீன்னு ஏறிக்கிட்டே போகும். எட்டாம் மாசத்துல தூக்கம் வரலன்னு சொல்ற பாதிப் பேரு கிட்ட நான் முதல்ல கேக்குறது சாயங்காலம் எத்தன டீன்னுதான்.

எடை விஷயத்துல, 2008ல இங்கிலாந்துல 2635 பேர வச்சு பாத்த ஆய்வுல ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல எடுத்தவங்க குழந்தை சராசரியா 60, 70 கிராம் கம்மியா இருந்துச்சு. மூணு கிலோ குழந்தைக்கு இது பெருசில்ல, ஆனா ஏற்கனவே ரத்தம் கம்மியா சாப்பாடு கம்மியா இருக்குற அம்மாவோட ரெண்டு கிலோ சொச்சம் குழந்தைக்கு ஒவ்வொரு கிராமும் முக்கியம். இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு, 2007ல டென்மார்க்குல நிறைய காபி குடிக்கிற 1207 கர்ப்பிணிகள ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் சாதா காபி இன்னொரு பக்கம் காஃபின நீக்குன காபின்னு குடுத்துப் பாத்தாங்க, பொறந்த எடையில வித்தியாசமே இல்ல. ஆனா அவங்க அஞ்சாம் மாசத்த ஒட்டித்தான் ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி நடந்தத அது சொல்லாது.

கரு கலையற விஷயம் இன்னும் சிக்கல். நிறைய குடிக்கிறவங்களுக்கு கலையறது கூடுதலா இருக்குன்னு சில ஆய்வு சொல்லுது. ஆனா கர்ப்பம் நல்லபடியா போறவங்களுக்குத்தான் மசக்கை அதிகமா வருது, மசக்கையில காபி வாசமே புடிக்காது, தானா கொறைச்சுருவாங்க. கர்ப்பம் சரியா நிக்காதவங்களுக்கு மசக்கை கம்மி, அவங்க காபிய கொறைக்க மாட்டாங்க. அப்ப காபியாலதான் கலைஞ்சுச்சா, இல்ல கலையப் போற கர்ப்பமா இருந்ததால காபி குடிக்க முடிஞ்சுச்சான்னு பிரிச்சுப் பாக்குறது கஷ்டம். முழுசா தெளிவாகாத வரைக்கும் கொறைச்சுக்கறதுல நஷ்டம் ஒண்ணும் இல்லன்னுதான் அளவு வச்சிருக்காங்க.

எவ்ளோதான் அளவு? ஒருத்தர் 200ங்குறாங்க ஒருத்தர் 300ங்குறாங்க.

அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் சங்கம் 2010ல 200 மில்லிகிராமுக்குள்ளன்னு சொல்லுச்சு, ஐரோப்பாவுலயும் 2015ல 200தான். உலக சுகாதார நிறுவனம் 2016ல, 300க்கு மேல எடுக்கறவங்க கொறைக்கணும்னு சொல்லுச்சு. அது ரொம்ப குடிக்கிறவங்களுக்கான எச்சரிக்கை, 300 வரைக்கும் குடிங்கன்னு சொன்னது இல்ல. நான் எல்லார்ட்டயும் 200ன்னே சொல்லுவேன்.

மில்லிகிராம் எல்லாம் எங்களுக்கு எப்படி தெரியும்? கிளாஸ் கணக்குல சொல்லுங்க.

ஹைதராபாத்துல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட கணக்கு நமக்கு சரியா வரும், ஏன்னா அது நம்ம ஊர் கப் அளவு, 150 மில்லி. அந்த அளவுல டிகாஷன் போட்ட காபின்னா 80ல இருந்து 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபின்னா 50ல இருந்து 65, டீன்னா 30ல இருந்து 65. பெரிய டம்ளர்ல குடிச்சா அதுக்குத் தக்க கூட்டிக்கணும்.

இப்ப தோட்டத்துக்குப் போறவங்க ஒரு நாள எடுத்துக்கங்க. எந்திரிச்சதும் வீட்ல ஒரு கட்டன் (பால் ஊத்தாத டீ), பத்து மணிக்கு கங்காணி கொண்டு வர்ற டீ, சாப்டதும் ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு, வீட்டுக்கு வந்து அலுப்புக்கு ஒண்ணு. அஞ்சு டீ. கம்மியா போட்டா 150, ஸ்ட்ராங்கா போட்டா 325. காபியே தொடாதவங்க கூட டீயிலயே அளவ தாண்டிருவாங்கன்னு இதுல தெரியுதுல்ல. தோட்டத்து டீயும் கடை டீயும் பெரும்பாலும் டஸ்ட் டீத்தூளுல கொதிக்கக் கொதிக்க போடுறது, சாரம் நல்லா எறங்கும், அதனால கூடுதல் பக்கமாவே கணக்கு வச்சுக்கங்க. அஞ்ச மூணாக்குங்க, அதுலயும் ஒண்ண லைட்டா போடச் சொல்லுங்க, போதும்.

காபியில இன்னொரு விஷயம் இருக்கு. இடுக்கிப் பக்கம் வீட்டு ஓரத்துல நிக்கிற செடியில பறிச்சு காய வச்சு வறுத்து அரைக்கிற தூள் நெறைய வீட்ல ரோபஸ்டாங்குற வகைக் கொட்டைதான். அராபிக்காங்குற இன்னொரு வகைய விட ரோபஸ்டாவுல காஃபின் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, சிக்கரியும் கலக்காம போடுறதால சுத்தமா காபியாவே எறங்கும். கடையில வாங்குற சிக்கரி கலந்த தூள்ல சிக்கரி அளவுக்கு காஃபின் கொறையும், சிக்கரியில காஃபினே கெடையாது. வீட்டுத்தூள் சுத்தமானது, அதனால எவ்ளோ வேணா குடிக்கலாம்னு ஒரு அக்கா சொன்னாங்க, கலப்படம் இல்லாததுன்றது உண்மைதான், ஆனா காஃபினும் அதுலதான் கூட. ஒரு நாளைக்கு ஒரு டம்ளரோட நிறுத்திக்கங்க.

சுக்கு காபி குடிக்கலாமா?

என்ன போட்டுருக்காங்கன்னு கேளுங்க. நம்ம பக்கம் போடுற சுக்குமல்லி காபியில பேருக்குத்தான் காபி, சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும்தான், காஃபின் இல்ல. மலையாளத்து வீட்ல போடுற சுக்குக்காப்பியில நிறைய பேரு காபித்தூளும் ஒரு ஸ்பூன் சேப்பாங்க, அப்ப அது காபிக் கணக்குல வரும். சர்க்கரை இருக்குறவங்க கருப்பட்டியையும் கணக்குல வைக்கணும்.

மாசமா இருக்கறது தெரியாம ரெண்டு மாசம் கண்டபடி குடிச்சுட்டேன், இப்ப என்ன செய்ய?

ஒண்ணும் செய்ய வேணாம், இன்னைல இருந்து கொறைங்க. நாள் தள்ளிப் போனது தெரியறதுக்குள்ள பாதி உறுப்பு உருவாக ஆரம்பிச்சுரும், முதுகுத்தண்டு கரு உருவாகி 28 நாளைக்குள்ள மூடிரும், அதனால இந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா காபி குடிச்சேன்னு சொல்லி கர்ப்பத்த கலைக்கணுமான்னு கேக்குறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேணாம், அதுக்கு ஒரு காரணமும் இல்ல. நீங்க கேக்க வேண்டிய கேள்வி, அந்த நாள்ல போலிக் ஆசிட் போட்டீங்களா, வேற என்ன மாத்திரை போட்டீங்கன்றது. அத டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லுங்க.

சத்து மாத்திரைய டீயோட போடலாமா?

கூடவே கூடாது. என்னக் கேட்டா இந்தப் பக்கத்துல காபி டீயால வர்ற பெரிய கெடுதல் இதுதான். டீயிலயும் காபியிலயும் இருக்குற துவர்ப்புச் சத்து இரும்புச் சத்த புடிச்சுக்கிட்டு உடம்புல சேர விடாது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல நாட்டுல மாசமா இருக்குறவங்கள்ல 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாலாம் மாசத்துல இருந்து 180 நாள் நர்ஸம்மா குடுக்குற செவப்பு மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு, அத டீயோட முழுங்கினா பாதி வீணாப் போகும். அப்பறம் ரத்தம் ஏறவே மாட்டேங்குதுன்னு ஊசி போட அலைவாங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் ஒரு மணி நேரம் பின்னாடியும் டீ காபி வேணாம், மாத்திரைக்கும் அதே. மாத்திரைய தண்ணியோட போடுங்க, ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழச் சாறோ கூட எடுத்தா நல்லா சேரும். தோட்டத்துல சாப்டதும் கையில டீ குடுக்குறது பழக்கமாப் போச்சு, அத நாலு மணிக்குத் தள்ளி வச்சாலே போதும்.

காபி குடிச்சா குழந்தை கருப்பா பொறக்குமாமே?

இல்ல. நெறம் அப்பா அம்மா வழியா வர்றது. குங்குமப்பூவால செவக்கவும் செய்யாது.

காபிய நிறுத்தினா மண்ட வெடிக்கிற மாதிரி வலிக்குது, என்ன மாத்திரை போடலாம்?

பல வருஷமா குடிச்சுட்டு திடீர்னு நிறுத்தினா ஒரு நாளைக்குள்ள தலைவலி ஆரம்பிக்கும், எரிச்சல் வரும், ஒரு வாரம் வரைக்கும் கூட இருக்கும். அதனால ஒரேடியா நிறுத்தாம ரெண்டு மூணு நாளைக்கு ஒரு கிளாஸ்னு பையப் பைய கொறைங்க. கடையில தலைவலி சளின்னு கேட்டா குடுக்குற சில மாத்திரையில காஃபினே சேத்திருக்கும், அட்டையில பேர் பாத்து வாங்கணும், மாசமா இருக்கேன்னு மருந்துக்கடையில முதல்லயே சொல்லிரணும். அஞ்சாறு மாசத்துக்கு மேல தலைவலியோட கண்ணு மங்குறது, முகம் வீங்குறது, மேல் வயித்து வலி இருந்தா அது காபி சமாச்சாரம் இல்ல, பிரஷர். ஒடனே ஆஸ்பத்திரி.

கூல்டிரிங்ஸ், எனர்ஜி டிரிங்க்?

கோலாவுல ஒரு டின்னுக்கு 30, 35 மில்லிகிராம் இருக்கும், காஃபின விட சர்க்கரைதான் அதுல பிரச்சனை. எனர்ஜி டிரிங்க் வேணவே வேணாம், மாசமா இருக்கறவங்களுக்கும் பால் குடுக்கறவங்களுக்கும் ஆகாதுன்னு டின்லயே போட்டுருக்கும், போடணும்னு சட்டமே இருக்கு.

அப்ப ஊனம் எதனாலதான் வருது?

நிறைய நேரத்துல காரணமே தெரியாது. யார் தப்பும் இல்லாமலே நூத்துக்கு சுமாரா மூணு குழந்தை ஏதாவது ஒரு குறையோட பொறக்குது. ஆனா நம்ம கையில இருக்குறது சிலது இருக்கு, காபிக்குப் பட்ட கவலைய இதுக்குப் படணும்.

முதல்ல போலிக் ஆசிட். ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம், கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு மூணு மாசம் வரைக்கும். முதுகுத்தண்டு குறையில பெரும்பகுதிய இந்தச் சின்ன மாத்திரை தடுக்குது. ஏற்கனவே அந்தக் குறையோட ஒரு குழந்தை பொறந்திருந்தா பத்து மடங்கு அளவு வேணும், டாக்டர் எழுதுவாரு. கல்யாணம் ஆன புள்ளைங்க எல்லாம் நாள் தள்ளிப் போன பெறகு வந்து கேக்குறாங்க, அதுக்கு முன்னாடியே வாங்க தாயி.

அடுத்தது சர்க்கரை. கர்ப்பத்துக்கு முன்னாடியே சர்க்கரை இருந்து கட்டுப்பாட்டுல இல்லன்னா இதயக்குறை வர வாய்ப்பு கூடும். வலிப்புக்குப் போடுற வால்ப்ரோயேட், மொகப்பருவுக்குப் போடுற ஐசோட்ரெடினாயின், இது ரெண்டும் குழந்தைய நேரடியா பாதிக்கும்னு நல்லா தெரிஞ்ச மருந்து, ஆனா வலிப்பு மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் மாத்திக் குடுப்பாரு. சாராயம், அதுவும் எந்த அளவும் பாதுகாப்பு இல்ல. மாசமா இருக்கறப்ப வர்ற ருபெல்லா அம்மையும் அப்படித்தான். நெருங்குன சொந்தத்துல கல்யாணம், மாமன் மகன் அத்தை மகன்னு கட்டுனவங்க அத வெக்கப்படாம டாக்டர் கிட்ட சொல்லுங்க, சில ஸ்கேன கூடுதல் கவனமா பாப்பாங்க.

அப்பறம் பூச்சி மருந்தடி. ஏலத்தோட்டத்துல மருந்தடிக்கிறது எவ்ளோன்னு அங்க வேலை பாக்குறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. காசர்கோட்டுல முந்திரித் தோட்டத்துல வருஷக்கணக்கா ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான்ங்குற பூச்சி மருந்து தெளிச்ச ஊருங்கள்ல குழந்தைங்க குறையோட பொறந்த கதை கேரளாவுல எல்லாருக்கும் தெரியும், 2011ல சுப்ரீம் கோர்ட் அத தடை பண்ணுச்சு. எல்லா மருந்தும் எண்டோசல்பான் மாதிரின்னு சொல்லல, ஆனா மாசமா இருக்கறவ மருந்து கலக்கக் கூடாது, ஓஸ் புடிக்கக் கூடாது, அடிச்ச காட்டுக்குள்ள ஈரம் காயறதுக்குள்ள காய் எடுக்கப் போகக் கூடாது. கங்காணி கிட்ட சொல்லி வேற காட்டுக்கு மாறுங்க, புருஷன் மருந்தடிச்சுட்டு வந்த சட்டைய நீங்க அலசாதீங்க, அவரே தனியா அலசட்டும். அந்தப் பத்து மணி டீய வாங்குறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கைய கழுவுங்க.

முதல் குழந்தைக்கு உதடு பொளந்து பொறந்துச்சு, நீ காபி குடிச்சதாலதான்னு மாமியார் வீட்ல சொல்றாங்க.

இத கேட்டு அழுதவங்கள பாத்திருக்கேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். நீங்க குடிச்ச காபியால இல்ல. உதட்டுப் பிளவ காபியோட சேத்துப் பாத்த ஆய்வுல தெளிவா ஒரு தொடர்பும் வரல, அதுல மரபணுவும் இருக்கு, அது ரெண்டு வீட்டு வழியாவும் வரலாம். உங்க மாமியார அடுத்த செக்கப்புக்கு கூட்டிட்டு வாங்க, டாக்டர் வாயால கேக்கட்டும். பொம்பளை மேல பழிய போட்டுட்டா குழந்தைக்கு வைத்தியம் தள்ளிப் போகுது, அதுதான் எனக்குப் பொறுக்கல. உதட்டுப் பிளவ ஆபரேஷன்ல நல்லா சரி பண்ணலாம், உதட்ட பெரும்பாலும் மூணு மாசத்த ஒட்டி இருந்தே பண்ண ஆரம்பிப்பாங்க.

குறை இருந்தா முன்னாடியே தெரியுமா? நாங்க பாதி நாள் கேரளா பக்கம், பாதி நாள் இங்க.

11ல இருந்து 13 வாரம் முடியறதுக்குள்ள ஒரு ஸ்கேன், 18ல இருந்து 20 வாரத்துக்குள்ள உறுப்பெல்லாம் பாக்குற ஸ்கேன், இந்த ரெண்டையும் விடாதீங்க. எல்லாக் குறையும் தெரியாது, ஆனா பெரிய குறை நிறைய தெரியும். ஏல சீசன்ல கூலி போயிரும்னு ரெண்டாவது ஸ்கேன ஏழாம் மாசத்துக்குத் தள்ளிட்டு வந்தா, அப்ப கையில இருக்குற வழி ரொம்பக் கம்மி. தமிழ்நாட்டுல நர்ஸம்மா கிட்ட பதிஞ்சு ஆர்சிஹெச் நம்பர் (தாய் சேய் நலப் பதிவு நம்பர்) வாங்குங்க, கேரளா பக்கம் லயத்துல இருந்தா ஆஷா (ஊர் சுகாதாரப் பணியாளர்) கிட்ட சொல்லுங்க. எந்தப் பக்கம் பாத்தாலும் ஸ்கேன் பேப்பர், ரத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு கையோட வச்சுக்கங்க, தேனி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புனாலும் அங்கிட்டு கோட்டயத்துக்கு அனுப்புனாலும் அத வச்சுத்தான் பாப்பாங்க.

குழந்தை பொறந்த பெறகு?

அம்மா குடிச்சதுல நூத்துல ஒரு பங்கு அளவுதான் பால்ல போகும். ஆனா பொறந்த குழந்தை உடம்புல அது மூணு நாள் நாலு நாள்னு தங்கும், குறை மாசக் குழந்தைக்கு இன்னும் கூட. முதல் ரெண்டு மூணு மாசம் அதே 200 கணக்கயே வச்சுக்கங்க, பால் குடுத்து முடிச்ச கையோட டீ குடிங்க, குழந்தை தூங்காம நைநைன்னு இருந்தா ஒரு கிளாஸ கொறைச்சுப் பாருங்க.